மும்பைக் கரையும் பாக் விரிகுடாவும்: இழுவைமடிக்கு எந்தக் கட்டுப்பாடு எங்கே பொருந்தும்?

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ சயான் கோலிவாடாவிலோ மீன் வாங்கும் தமிழர்கள், வாவல் மீனின் விலை ஏறிக்கொண்டே போவதையும் அதன் அளவு சுருங்கிக்கொண்டே வருவதையும் ஒருசேரக் கவனித்திருப்பார்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில் கரைசேர்ந்த மீன் சுமார் 2.01 லட்சம் டன். 45 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவு. அந்த ஆண்டு அரபிக்கடலில் அடுத்தடுத்து வந்த புயல்கள் கடலுக்குப் போகும் நாள்களைக் குறைத்தன என்பது உண்மைதான். ஆனால் குஞ்சு மீன்கள் கூடைகூடையாக ஏலத்துக்கு வருவதைப் புயலின் கணக்கில் எழுத முடியாது. இந்நிலையில், குஞ்சுகளையும் சேர்த்து அள்ளும் கடலடி இழுவைமடி என்ற வலையை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்கு ஐந்தாறு விடைகள் நெடுங்காலமாகப் பேச்சில் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது இரண்டு அளவுகோல்கள் போதும் என்று நினைக்கிறேன்: விதி மீறப்பட்டதா என்பதை எந்த இடத்தில் நின்று சோதிக்க முடியும், அந்த விதியின் செலவு யார் தலையில் விழுகிறது.

இந்தியாவுக்கு இழுவைமடி பரவலாக வந்தது 1950களில் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தையொட்டித்தான். இறால் ஏற்றுமதி லாபகரமாக மாறியதும் அது இரு கரைகளிலும் வேகமாகப் பரவியது. இரண்டு கனத்த பலகைகள் வலையின் வாயை விரித்துப் பிடிக்க, படகு மெதுவாக இழுத்துச் செல்கையில் மடி தரையை உரசியபடி வரும். இறாலுக்காகப் போடப்படும் மடி இறாலை மட்டும் அள்ளாது. ராமேசுவரத்தில் சங்காயம் என்று ஒதுக்கப்படும் சிறு மீன்களும் குஞ்சுகளும் அதில் பெரும்பங்கு. முன்பு கடலிலேயே கொட்டப்பட்ட அந்தக் கழிவுக்கு மீன்தூள் ஆலைகள் விலை கொடுக்கத் தொடங்கிய பிறகு, குஞ்சைப் பிடிப்பதும் ஒரு வருமானமாகிவிட்டது. எந்தக் கட்டுப்பாடும் இந்த வருமானத்தோடு மோத வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

பருவத் தடை நாம் எல்லோரும் அறிந்தது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் 61 நாள்கள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. கேரளத்தில் 1988இல் மழைக்கால இழுவைத் தடை வந்தபோது அதற்கு நாட்டுப்படகு மீனவர்களின் நெடிய போராட்டமும் அடுத்தடுத்த ஆய்வுக் குழுக்களும் தேவைப்பட்டன. இன்று இந்தத் தடை ஏறத்தாழத் தகராறின்றி நடப்பதற்குக் காரணம், அதைச் சோதிப்பது எளிது என்பதே. கட்டிக் கிடக்கும் படகை மும்பையின் மீன்பிடித் துறையான சசூன் டாக்கின் சுவரில் நின்றே எண்ணிவிடலாம். மழைக்காலத்தில் அரபிக்கடலும் அதற்கு ஒத்துழைக்கிறது. ஆனால் இந்த வழி உழைக்கும் நாள்களை மட்டுமே குறைக்கிறது. படகுகளின் எண்ணிக்கையையோ எஞ்சினின் திறனையோ தொடுவதில்லை. ஆகஸ்டு முதல் வாரத்தில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் இறங்கும்போது, தடைக்காலத்தில் பிறந்த குஞ்சுகள் வளர்வதற்கு முன்பே மடிக்குள் வந்துவிடுகின்றன. தடை தொடர வேண்டும். அது மட்டும் போதாது.

தூர வரம்பு காகிதத்தில் மிக நேர்த்தியானது. கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கிவிட்டு விசைப்படகை வெளியே அனுப்புவதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது 3 கடல் மைலாக இருந்து பின்னர் 5 ஆயிற்று. மகாராஷ்டிரத்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிய ஆணைகள் தூரத்துக்குப் பதிலாக ஆழத்தை அளவாகக் கொண்டன. இடத்துக்கு ஏற்ப 5 அல்லது 10 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர்) ஆழம் வரை இழுவைக்கு அனுமதியில்லை. அடித்தளம் வெகுதூரத்துக்குச் சரிவின்றி நீளும் இந்தக் கரைக்கு ஆழக் கணக்கே அறிவுடையது. ஆனால் இறால் கிடைப்பது அந்தத் தடைசெய்யப்பட்ட நீரில்தான். இரவில் விளக்கணைத்துவிட்டு உள்ளே வரும் படகைப் பிடிக்கத் துறைக்கு ரோந்துப் படகும் எரிபொருளும் ஆளும் வேண்டும்; நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரைக்கு அது எந்தக் காலத்திலும் போதுமான அளவில் இருந்ததில்லை. மீறலைக் கண்ணால் பார்ப்பவர் அறுந்த வலையோடு கரைக்கு வரும் நாட்டுப்படகுக்காரர் மட்டுமே, அவரிடம் சான்று கிடையாது. செயற்கைக்கோள் வழி இருப்பிடங்காட்டும் கருவிகள் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கக்கூடும், அவற்றை அணைத்து வைப்பதற்கும் தண்டனை இருக்குமானால்.

பாக் விரிகுடாவில் தூர வரம்பு பொருளற்றதாகவே ஆகிவிடுகிறது. ராமேசுவரத்திலிருந்து பன்னாட்டு எல்லைக்கோடு ஏறத்தாழ 12 கடல் மைல்தான். முதல் 5 மைலை நாட்டுப்படகுக்கு விட்டு, பாறைத் தரையையும் கழித்தால், விசைப்படகுக்கு மிஞ்சுவது ஒரு குறுகிய பட்டை. எனவே வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கும் 4 நாள் நாட்டுப்படகுக்கும் என்று கடலுக்குப் பதில் நாள்களைப் பங்கிட்டார்கள். அந்த ஏற்பாடு உள்ளூர் மோதலைத் தணித்தது. எல்லை தாண்டுவதைத் தணிக்கவில்லை.

எல்லைக்கு அப்பால் இருப்பவர்களைப் பற்றி மும்பைத் தமிழர்கள் ஊர்ச் செய்தி பேசும்போது பெரும்பாலும் சிங்களக் கடற்படை என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் போருக்குப் பின் கடன் வாங்கி வலை போட்டு, அந்த வலையை இந்திய விசைப்படகின் பலகைக்கு இழப்பவரும் தமிழரே. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி முற்றாகத் தடைசெய்ததற்கு அந்த வட மாகாண மீனவர்களின் குரலும் ஒரு காரணம். கைதும் படகுப் பறிமுதலும் நியாயமா என்பது வேறு விவாதம். சராசரி ஆழம் 10 மீட்டரைத் தொடாத ஒரு விரிகுடாவில் இந்தத் தொழில் தாங்குமா என்பதை அந்த விவாதத்துக்குள் ஒளித்து வைக்க முடியாது.

முழுத் தடை என்ற வழிக்கு உலகில் முன்னுதாரணங்கள் உண்டு. இந்தோனேசியா 1980இல் குடியரசுத் தலைவர் ஆணையின் மூலம் சாவா, சுமத்ரா கடற்பகுதிகளில் இழுவையைத் தடுத்தது. சிறு மீனவர்களுக்கும் இழுவைப் படகுகளுக்கும் நடந்த வன்முறை மோதல்களே அதற்கு உடனடிக் காரணம். ஆனால் வேறு பெயர்களில், வேறு வடிவங்களில் அதே வேலையைச் செய்யும் வலைகள் பின்னர் நுழைந்தன. 2015இல் அவற்றையும் தடுக்க முனைந்து அரசு மீண்டும் ஒரு கிளர்ச்சியைச் சந்தித்தது. ஹாங்காங் வேறு விதமாகச் செய்தது. 2012 டிசம்பர் 31 முதல் தன் கடல் முழுவதிலும் இழுவையைத் தடை செய்யுமுன், ஏறத்தாழ 170 கோடி ஹாங்காங் டாலரை ஒதுக்கி, படகுகளை விலைக்கு வாங்கவும் உரிமையாளர்களுக்கு ஈடு கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. ஹாங்காங்கின் கடல் சிறியது, கருவூலம் பெரியது என்று இந்த உதாரணத்தைத் தள்ளிவிடுவார்கள். மகாராஷ்டிரத்தின் 720 கிலோமீட்டர் கரைக்கு அந்த ஆட்சேபம் சரி. பாக் விரிகுடாவோ சிறிய கடல்தான்.

அந்த விரிகுடாவுக்காகத் தீட்டப்பட்ட திட்டம் ஆழ்கடல் மாற்றம். 2017இல் 2,000 இழுவைப் படகுகளைக் கைவிடச் செய்து அவற்றுக்குப் பதிலாக ஒரே கயிற்றில் ஏராளமான முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலும், மீனின் செவுள் சிக்கும் செவுள்வலையும் கொண்ட படகுகளைத் தருவதாக 1,600 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. ஒரு படகுக்கு 80 லட்சம். அதில் மத்திய அரசு 50 விழுக்காடு, மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. காகிதத்தில் தாராளமான இந்தப் பங்கீட்டில் 24 லட்சம் ரூபாய்ச் சுமை மீனவர் தலையில் இருந்தது. மாலையில் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் சூரை தேடி அலைய வேண்டும் என்பது அதற்கு மேல். இலக்கில் மிகச் சிறு பங்கே நிறைவேறியதில் வியப்பில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதியினர் ஆழ்கடல் தூண்டிலில் தேர்ந்தவர்கள், அரபிக்கடல் முழுதும் அலைபவர்கள். 2017 ஒக்கிப் புயலின்போது தமிழ்நாட்டு, கேரளப் படகுகள் பல ஒதுங்கியது மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டில்தான். அந்தத் திறமை தலைமுறைகளில் வந்தது. ஒரு மானிய ஆணை அதை ராமேசுவரத்துக்கு மாற்றிவிடும் என்று எதிர்பார்த்ததுதான் திட்டத்தின் பலவீனம்.

மும்பைக்கு எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் வழி, வலைக் கண்ணியின், அதாவது துளையின், அளவும் பிடிக்கத்தக்க மீனின் குறைந்தபட்ச அளவும். கேரளம் 2015 தொடங்கி இதைச் சட்டமாக்கி, பட்டியலை 58 இனங்களுக்கு நீட்டியது; அங்கே கிளிமீன் பிடிப்பு அதன்பின் மேம்பட்டிருப்பதாக மத்திய ஆராய்ச்சி நிலையம் கூறுகிறது. மகாராஷ்டிரம் 2023இல் 54 இனங்களுக்கு அளவு குறித்தது. அதே ஆண்டில் வெள்ளை வாவலை மாநில மீனாகவும் அறிவித்தது. வாவலுக்குக் குறித்த அளவு 135 மில்லிமீட்டர், அதாவது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. இந்த விதியைச் சோதிக்கக் கடலுக்குப் போக வேண்டாம். சசூன் டாக்கிலும் பாவுச்சா தக்காவிலும் ஏலத் தரையில் ஓர் அளவுகோலோடு நின்றால் போதும். வாங்குபவரும் சோதிக்கலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று குட்டி வாவலைக் கிலோக் கணக்கில் வாங்கிப் பொரிக்கும் நம் வீடுகளுக்கும் இதில் பங்குண்டு.

செத்த குஞ்சைக் கரையில் பிடித்துத் தண்டித்து என்ன பயன் என்ற ஆட்சேபம் நியாயமானது. எனவே அளவு விதி கண்ணி விதியோடு சேர்ந்தே வர வேண்டும். சாய்சதுரக் கண்ணி இழுபடும்போது ஒடுங்கி மூடிக்கொள்கிறது. மடியின் கடைப்பகுதியில் 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி வைத்தால் அது திறந்தே இருந்து குஞ்சுகளை வெளியே விடுகிறது. மடியில் சிக்கும் கடலாமையை வெளியேற விடும் ஆமை விலக்குக் கருவியும் இப்படிப்பட்ட ஒரு மாற்றம்தான். அதைப் பொருத்துவதில் காட்டிய அலட்சியத்தால் 2019 முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிக் கிடந்தது. வலையில் செய்யும் சிறு மாற்றத்தை மறுத்ததன் செலவு அங்கே தெளிவாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் மும்பைக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. குஞ்சு வாவலைப் பெருமளவில் பிடிப்பது இழுவைமடி மட்டுமல்ல. மும்பைக் கரையின் பழைய மீனவச் சமூகமான கோலிகளின் மரபான டோல் வலையும் பிடிக்கிறது. நீரோட்டத்துக்கு எதிரே கம்புகளிலோ நங்கூரத்திலோ கட்டப்படும் அந்தப் பை வலை, பொம்பில் எனப்படும் வங்காரவாசிக்கும் ஜவலா எனப்படும் கூனிக்கும் ஏற்றது. கூனியைப் பிடிக்க வேண்டுமானால் கண்ணி மிகச் சிறிதாகத்தான் இருக்க முடியும்; அதில் 40 மில்லிமீட்டரைத் திணித்தால் தொழிலே நின்றுவிடும். மும்பைக்கு வடக்கே, வாவலுக்குப் பெயர்போன சாத்பாட்டியின் செவுள்வலைக்காரர்களுக்கும் தெற்கிலிருந்து வந்து கம்பு நடும் டோல் வலைக்காரர்களுக்கும் இடையே நீண்ட காலமாக இருக்கும் பகையின் ஒரு வேர் இதுதான். விசைப்படகு தீயது, மரபு நல்லது என்ற எளிய கோடு இங்கே அறுந்துபோகிறது. எந்தெந்த மாதங்களில் குஞ்சு வாவல் கரையோரம் கூடுகிறதோ அந்த மாதங்களில் டோல் வலைக்கும் இடம்சார்ந்த ஓய்வு வேண்டும். அந்த ஓய்வுக்கு ஈடும் வேண்டும்.

மீன்பிடிப்பை விலக்கி வைக்கும் கடற் காப்பகங்கள் என்ற வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மெக்சிகோவின் கபோ புல்மோவில் 1995இல் அமைந்த கடற்பூங்காவில், உள்ளூர் மக்களே காவல் நின்றதால், 1999க்கும் 2009க்கும் இடையில் மீன் எடை நான்கு மடங்குக்கும் மேல் பெருகியது. இங்கே 1987இல் அறிவிக்கப்பட்ட மால்வண் கடற் சரணாலயம் உள்ளூர் மீனவர்களின் இசைவைப் பெறாததால் பெருமளவு அறிவிப்பாகவே நின்றது. சாக்கடையும் கரை நிரப்பலும் கடல் முகத்துவாரங்களைக் கெடுக்கும் மும்பையில், டகாணுக்கு அருகே வாத்வண் துறைமுகம் எழும் வேளையில், மீனவரை மட்டும் ஒதுங்கச் சொல்லும் காப்பகத்துக்கு இசைவு கேட்பது கடினம்.

ஆகவே என் தீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. பாக் விரிகுடாவுக்கு முழுத் தடையும், ஆழ்கடல் படகு என்ற நிபந்தனை இல்லாத ரொக்க விலையில் படகுகளை அரசே வாங்கிக்கொள்வதும் பொருந்தும். மும்பைக் கரைக்கு, புதிய இழுவை உரிமங்களை நிறுத்தி, பழையவை காலாவதியாகும்போது புதுப்பிக்காமல் விட்டு, ஏலத் தரையில் அளவும் துறையில் கண்ணியும் சோதிக்கும் வழி பொருந்தும். அதற்குக் கைவசம் இருக்கும் வலுவான கருவி டீசல். மகாராஷ்டிர அரசு மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக டீசல் வரியைத் திருப்பித் தருகிறது; தமிழ்நாடு வரிவிலக்கு டீசலே தருகிறது. இழுவைமடிக்குத்தான் டீசல் அதிகம் வேண்டும். கண்ணிச் சோதனையில் தேறிய படகுக்கு மட்டும் அந்தச் சலுகை என்றால், ரோந்துப் படகு செய்ய முடியாததைப் பங்க்கின் ரசீது செய்யும். மகாராஷ்டிரச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டிக்கும் அதிகாரத்தைத் தாசில்தாரிடமிருந்து மீன்வளத் துறை அதிகாரிக்கு மாற்றியிருப்பதால், சோதிப்பவரும் தீர்ப்பவரும் இன்று ஒரே துறையில் இருக்கிறார்கள்.

விலை கொடுத்துப் படகை வாங்கும்போது பணம் உரிமையாளரிடம் போகும். பங்குக்கோ மாதச் சம்பளத்துக்கோ ஏறும் படகுத் தொழிலாளிக்கு, ராமேசுவரத்தில் உள்ளூர்க்காரராக இருந்தாலும், சசூன் டாக்கில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவராக இருந்தாலும், எதுவும் போகாது. பெரும்பாலும் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஹாங்காங் தன் திட்டத்தில் தளத் தொழிலாளிகளுக்கும் தனியாக ஒருமுறை உதவித்தொகை வைத்தது. இங்கே அப்படி ஒன்றை வைக்க வேண்டுமானால், உரிமம் புதுப்பிக்கும் விண்ணப்பத்திலேயே படகில் ஏறுபவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.