மூன்று நிறுவனம், ஒரு கல்: தோட்டத்து வீட்டுக்கு எந்த இணைப்பு எடுப்பது?

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் ஏழாம் நம்பர் மலை உச்சியில் ஒரு பெரிய கல் இருக்கிறது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் குடையும் படங்குமாக அந்தக் கல்லில்தான் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் போன் சிக்னல் நிற்காது, கல்லில் நிற்கும். இன்றைக்கும் யாராவது "கல்லுக்குப் போயிட்டு வாறேன்" என்றால், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையோடு பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"எது மலிவு தம்பி? எதை எடுக்கிறது?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். விலைப்பட்டியலை வைத்துப் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உலக நாடுகளோடு ஒப்பிட்டால் இலங்கையில் ஒரு ஜிபி டேட்டாவின் விலை குறைவுதான். ஆனால் அந்தக் கணக்கு, டயலொக், மொபிடெல், ஹட்ச் என்ற மூன்று நிறுவனமும் வீட்டு வாசலில் பிடிக்கிற ஒருவருக்கான கணக்கு. பள்ளத்தாக்கில் இருக்கிற லயத்தில் ஒன்றுதான் பிடிக்கும். அந்த ஒன்று என்ன விலை சொல்கிறதோ அதுதான் விலை.

நாட்டு நிலைமையும் அந்தப் பக்கம்தான் போகிறது. 2009இல் எயார்டெல் வந்தபோது கைப்பேசிச் சேவையில் ஐந்து நிறுவனங்கள் இருந்தன. அழைப்புக் கட்டணம் சரசரவென்று இறங்கியதை அந்த நேரம் போன் வைத்திருந்த எல்லோரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018இல் எட்டிசலாட்டை ஹட்ச் வாங்கியது. ஐந்து நான்கானது. 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. அதற்குப் பதிலாக இந்தியாவின் பார்தி எயார்டெலுக்கு டயலொக்கில் 10.355 சதவீதப் பங்கு போனது. நான்கு மூன்றானது. மிச்சமிருக்கும் மூன்றில் எஸ்.எல்.டி. மொபிடெலில் ஏறக்குறைய பாதிப் பங்கு அரசாங்கத்துடையது. 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு கட்டணம் 20 சதவீதம் ஏறியபோது எல்லா நிறுவனமும் ஒன்றாகவே ஏற்றின. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடித் தப்ப வழி இருக்கவில்லை.

வரியையும் சொல்லத்தான் வேண்டும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. இணையத்துக்கான தொலைத்தொடர்பு வரியை 2017இல் எடுத்துவிட்டார்கள். சாதாரண அழைப்புக்கு அது இருக்கிறது, 2022இல் 15 சதவீதமாக ஏறியும் விட்டது. அதாவது வாட்ஸ்அப்பில் பேசுகிற மகனைவிட, பொத்தான் போனில் பேசுகிற அம்மா தன் நூறு ரூபாயில் அதிக வரி கட்டுகிறார். கொழுந்துக் கூடைக்குள் பொலித்தீனில் சுற்றிப் பொத்தான் போனைக் கொண்டுபோகும் பெண்களை நினைத்தால் இது எனக்குப் பொறுக்கவே இல்லை.

சரி, கையில் இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

தோட்டத்தில் அநேகம் பேருடைய வழி சின்னச் சின்ன ரீலோட். 50 ரூபாய், 100 ரூபாய், சம்பளம் வந்தால் 200. பெரிய பக்கேஜில் ஒரு ஜிபி மலிவாக விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே தடவையில் அந்தப் பணத்தைப் போடக் கையில் இருக்காது, அவ்வளவுதான். "நேத்துதானே நூறு ரூபா போட்டேன், அதுக்குள்ள எப்படிடா முடிஞ்சிச்சு?" என்று அம்மா கேட்டபிறகு ஒரு மாதம் கொப்பியில் எழுதி வைத்தேன். மூன்று போனுக்கும் சேர்த்து 3,400 ரூபாய். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில் இது இரண்டரைப் பேர்; ஒரு நாள் வேலையைத்தான் நாங்கள் ஒரு பேர் என்போம். இரண்டரை நாள் மலையில் ஏறி இறங்கிய உழைப்பு போனுக்குப் போகிறது. அதிலும் நாள் முடிந்து காலாவதியான டேட்டா எவ்வளவு என்று பார்த்தால் வயிறு எரிகிறது. மழை நாளில் சிக்னல் இல்லாமல் பாவிக்க முடியாத டேட்டாவும் அதே நாளில்தான் காலாவதியாகிறது.

இரண்டாவது வழி இரண்டு சிம். வீட்டில் ஒன்று பிடிக்கும், மலையிலும் டவுனிலும் வேறொன்று பிடிக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான். முன்பு எயார்டெலின் 075 வைத்திருந்தவர்கள் இப்போது டயலொக் வலையமைப்பில்தான் இருக்கிறார்கள். ஆகவே 075உம் 077உம் இரண்டும் கையில் இருந்தால் அது இரண்டு வழி ஆகாது. டயலொக், மொபிடெல், ஹட்ச் என்ற மூன்றில் இரண்டை எடுத்தால்தான் ஒன்று விழும்போது மற்றது தாங்கும். செலவு கூடும், உண்மைதான். இருந்தாலும் இரவில் பிரசவ வலி எடுத்தால் லொறிக்காரரையோ ஆட்டோவையோ கூப்பிட வேண்டிய இடம் இது. இரண்டாவது சிம்மை நான் வீண்செலவென்று சொல்ல மாட்டேன்.

வீட்டு ரவுட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். படிக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு, சிக்னல் மட்டும் சரியாக இருந்தால், மாதக் கட்டண 4ஜி ரவுட்டர் ரீலோட்டைவிட நிச்சயம் லாபம். சிக்கல் என்னவென்றால், போனில் நான்கு கோடு காட்டுகிறது என்பதால் ரவுட்டரும் ஓடும் என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். வீட்டு ரவுட்டர்களில் பல, போனை விட உயர்ந்த அலைவரிசையில் ஓடுபவை. அலைவரிசை உயர உயர, மலை முகட்டையும் சவுக்கு மரத்தையும் தாண்டி வருகிற பலம் குறையும். நான் ஒரு நிறுவனத்தின் ரவுட்டரை எடுத்து, முதல் மாதம் முழுக்க அதை ஜன்னலில், அட்டலில், கடைசியில் கூரைத் தகரத்துக்குக் கீழே கம்பில் கட்டிப் பார்த்தேன். காலையில் வரும், பின்னேரம் எல்லோரும் போனைத் தூக்கியதும் நின்றுவிடும். திருப்பிக் கொடுக்கப் போனால் ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்றார்கள். பின்னேரம் ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள், அதே நிறுவனத்தின் ரவுட்டரை யாரிடமாவது இரவல் வாங்கி உங்கள் காம்பராவிலேயே (லயத்து அறையிலேயே) வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பகல் டேட்டா எவ்வளவு, இரவு டேட்டா எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடிய டேட்டாவைச் சேர்த்துப் பெரிய எண்ணாகக் காட்டுகிற பக்கேஜ், அதிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போகிற வீட்டுக்கு உதவாது.

ஃபைபர் வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளை டவுன்களில் இருப்பவர்கள் அதையே எடுக்கலாம். தோட்டத்துக்குள் அது வராததற்கு மலை மட்டும் காரணமல்ல. லயம் இருக்கும் நிலம் குத்தகைக்குப் பெற்ற கம்பனியின் கையில் இருக்கிறது. எங்களிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை, வீட்டு இலக்கத்தோடு தனி முகவரியும் இல்லை. கடிதமே தோட்ட ஆபிசுக்கு வந்துதான் எங்களுக்கு வருகிறது. இணைப்புக்கு விண்ணப்பித்தால் முகவரியை உறுதிப்படுத்து என்கிறார்கள். காணிப் பிரச்சினையும் இணையப் பிரச்சினையும் எங்களுக்கு ஒன்றுதான்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வந்தது. கோபுரம் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும் என்றதும் நானும் ஆசைப்பட்டேன். தொடங்கியபோது சாதாரண வீட்டுத் திட்டம் மாதம் 15,000 ரூபாய், கருவி ஒரு இலட்சத்துக்கும் மேல். மாதக் கட்டணம் மட்டும் பதினொரு பேர். அதோடு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரம் இழுக்கும். லயத்து வீட்டின் பில்லை அது அடுத்த படிக்கு ஏற்றிவிடும். பத்து வீடு சேர்ந்தால் ஆளுக்கு 1,500 ரூபாய்தானே என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்தின் பாவனைக்கு மட்டும் என்பதுதான் நிபந்தனை. ஆகவே வீட்டுக்கு வேண்டாம் என்பேன். ஆனால் பாடசாலைக்கோ தோட்ட வைத்திய நிலையத்துக்கோ அதற்குரிய திட்டத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்க நியாயம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மண் சரிந்து, கேபிள் அறுந்து, மின்சாரமும் போய், பல இடங்களில் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்தோம். ஜெனரேட்டரோடு அப்படி ஒரு கருவி அப்போது இருந்திருந்தால் நாள்கணக்கில் அழுதுகொண்டிருந்த பல தாய்மாருக்குச் செய்தி போயிருக்கும்.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போதைக்கு இப்படித்தான் சொல்கிறேன். படிக்கிற பிள்ளை இல்லாத வீட்டுக்கு, இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் சிம். வீட்டில் பிடிப்பதில் மாதப் பக்கேஜ், மற்றதில் அவசரத்துக்கு மட்டும் கொஞ்சக் காசு. பிள்ளை இருந்தால், பின்னேரச் சோதனையில் தேறிய ரவுட்டர். சம்பளம் வந்த அன்றே கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், துண்டு துண்டாக ரீலோட் போடுவதை நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் அப்படி மாற்றிய பிறகு செலவு 2,300 ரூபாய்க்கு இறங்கியது.

ரவுட்டரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏழாம் நம்பர் மலைக்குப் போகிற பாதையில், கடைசி லயத்துத் தொங்கல் காம்பராவில் சிக்னல் நன்றாக வருகிறது. அந்த வீட்டு அக்காவிடம் கேட்டு அங்கே வைத்திருக்கிறேன். பின்னேரத்தில் எங்கள் தம்பியும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். மழை பெய்தால் கல்லுக்கு ஓட வேண்டியதில்லை.