மூக்கைத் திருத்த ஊசியா, ஆபரேஷனா?

கல்யாணம் நிச்சயமானதும் எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கிற வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பெண்களில் சிலர் இப்போது மூக்கு ஃபில்லரையும், அதாவது தோலுக்கடியில் நிரப்பி மூக்கின் வடிவத்தைத் திருத்தும் ஊசி மருந்தையும், விசாரிக்கிறார்கள். அரை மணி நேர வேலை, முழு மயக்கம் வேண்டாம், தையல் இல்லை. ஆபரேஷனுக்கு இது எவ்வளவோ தேவலை என்றுதான் தோன்றும்.

ஆனால் ஃபில்லரால் சேர்க்கத்தான் முடியும். மூக்குத்தண்டில் மேடு இருந்தால் அதன் மேலும் கீழும் நிரப்பி நேராகக் காட்டலாம். பெரிய மூக்கு சிறிதாகாது, மூச்சடைப்பும் தீராது, அதற்கு ஆபரேஷன்தான். அதிலும் ரத்தக்கசிவு, தொற்று, மயக்க மருந்துச் சிக்கல், நினைத்த வடிவம் வராமல் போவது எல்லாம் உண்டு. வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். ஆனால் பலன் நிலைக்கும். ஃபில்லர் கரைந்துபோனால் மறுபடி ஊசி, மறுபடி அதே ஆபத்து.

அந்த ஆபத்தைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. மருந்து தவறிக் குழாய்க்குள் போனால் மூக்குத் தோல் கறுத்துச் செத்துப்போகலாம். அது பின்னோக்கிப் போய் விழித்திரைக்கு வரும் ரத்தத்தை அடைத்தால் பார்வையே போய்விடும். அரிதுதான், ஆனால் அப்படிப் போன பார்வை திரும்புவது அபூர்வம். கை தேர்ந்த டாக்டருக்கும் இது நேரலாம். ஏற்கெனவே மூக்கில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

சரி, ஊசிதான் என்றால் எந்த மருந்து? ஹயலூரானிக் ஆசிட் ஒன்றைத்தான் நான் ஏற்பேன். அடைப்பு ஏற்பட்டால் ஹயலூரோனிடேஸ் என்ற மாற்றுமருந்தைப் போட்டு அந்த ஃபில்லரைக் கரைக்கலாம். கால்சியம் வகை ஃபில்லர் அதிக நாள் நிற்கும் என்பார்கள்; அதைக் கரைக்க அப்படி ஒரு மாற்றுமருந்து இல்லை. திரவ சிலிகான் வேண்டவே வேண்டாம். அது உடம்பிலேயே தங்கும், வருடங்கள் கழித்தும் கட்டி கட்டியாகலாம்.

பார்லரில் குறைந்த விலை சொன்னாலும் போகாதீர்கள். ஹயலூரோனிடேஸ் கைவசம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். தயங்குகிற இடத்தில் உட்கார வேண்டாம். ஆபரேஷன் யோசிப்பவர்கள் தகுதியுள்ள பிளாஸ்டிக் சர்ஜனிடம் முதலில் பேசலாம்; நம் பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

ஊசி போட்டதும் தோல் வெளுத்தாலோ, திட்டுத்திட்டாக நிறம் மாறினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ அங்கேயே டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண் மங்கினால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உடனே அவசர சிகிச்சைக்குப் போய், மூக்கில் ஃபில்லர் போட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.