ராமுக்குத் தகடா, காற்றாடியா?

கணினியின் தற்காலிக நினைவகமான ராமில் இப்போதைய தலைமுறை டிடிஆர்5. அதில் 6000 வேக ராம் பெரும்பாலும் அலுமினியத் தகடு போர்த்தித்தான் வருகிறது. இயல்பான மின்னழுத்தம் 1.1 வோல்ட், எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) போட்டால் பொதுவாக 1.35 வரை ஏறும். போதாததற்கு, மின்சாரத்தைச் சீர்செய்யும் சிப்பும் மதர்போர்டிலிருந்து ராமுக்கே குடிவந்துவிட்டது. சூடாகாமல் என்ன செய்யும்?

தகடு சூட்டைப் பரப்பும், அவ்வளவுதான். அதை அள்ளிக்கொண்டு போகக் காற்று வேண்டும். சித்திரை மதியம் பாளையங்கோட்டையில் என் மாடி அறையே கொதிக்கும். அறையை விட ராமைக் குளிர வைக்க எந்தத் தகடாலும் ஆகாது. வேகத்தைக் கூட்டியதும் மெமரி சோதனையில் பிழை பிழையாக வந்தது. பழைய 120 மில்லிமீட்டர் காற்றாடி ஒன்றை இரண்டு கேபிள் டையால் ராம் செருகும் ஸ்லாட்டுக்கு நேராகக் கட்டினேன். இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை.

சரி, காற்றாடிக்கும் குறை உண்டு. ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்தால் வாரத்துக்கொரு முறை தூசி தட்ட பிரஷ் எடுக்க வேண்டும். உயரமான தகடோ பிராசசர் கூலரில் முட்டும். என் ஓட்டு: குட்டைத் தகடு, கூடவே காற்றாடி. கடையில் பில் போடும் கணினிக்கு இரண்டுமே வேண்டாம்.