கியூ.ஆர்.எல். வாலட்: குவாண்டம் பாதுகாப்பு உண்மைதான், சாவிக் கணக்கு உங்கள் கையில்

பிட்காயின், எத்தீரியம் இரண்டும் நம்பியிருப்பது எலிப்டிக் கர்வ் என்ற கணித வளைவை வைத்துப் போடும் டிஜிட்டல் கையொப்பத்தை. போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வந்துவிட்டால், 1994-இல் பீட்டர் ஷோர் கண்டுபிடித்த வழியில் பப்ளிக் கீயிலிருந்து (வெளியே காட்டும் சாவி) பிரைவேட் கீயை (பணத்தை நகர்த்தும் ரகசியச் சாவி) கணக்கிட்டுவிடலாம். கியூ.ஆர்.எல். (குவாண்டம் ரெசிஸ்டன்ட் லெட்ஜர்) என்ற கிரிப்டோ காயின் அந்தக் கணிதத்தையே தொடாமல் கட்டப்பட்டது. 2018 ஜூன் முதல் அதன் மெயின்நெட், அதாவது உண்மைப் பணம் ஓடும் நெட்வொர்க், ஓடுகிறது. கையொப்ப முறை எக்ஸ்.எம்.எஸ்.எஸ்.; அடித்தளம் ஹாஷ் மட்டுமே, அதாவது விடையிலிருந்து திரும்பிப் போக முடியாத ஒருவழிக் கணக்கு. ஆர்.எஃப்.சி. 8391 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் வெளியாகி, 2020-இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஏற்றுக்கொண்ட முறை இது. யாரோ வீட்டில் சமைத்த கிரிப்டோகிராஃபி இல்லை என்பதே இதன் முதல் பலம்.

வாலட் உருவாக்கும்போதே, ஒருமுறைச் சாவிகளை அடுக்கி வைக்கும் ஹாஷ் மரத்தின் உயரத்தைக் கேட்கும். அவசரப்படக் கூடாத இடம் இது. உயரம் 8 என்றால் 256 ஒருமுறைச் சாவிகள், 10-க்கு 1,024, 12-க்கு 4,096. ஒவ்வொரு கையொப்பமும் ஒரு சாவியைத் தின்றுவிடும். பிறகு உயரத்தை மாற்ற முடியாது. வாங்கிச் சேமித்து வைப்பவருக்கு 10 தாராளம். உயரம் ஒன்று கூடினால் உருவாக்கும் நேரம் இரட்டிப்பாகும். பழைய லேப்டாப்பில் 16, 18 என்று கொடுத்துவிட்டு, திரை உறைந்துவிட்டதென்று டேபை மூடிவிடாதீர்கள்.

சாவிகள் எல்லாம் பிறக்கும் மூல ரகசியம்தான் சீட். அதன் பேக்கப் 34 சொற்கள், அல்லது 102 எழுத்துள்ள ஹெக்ஸ்சீட். சொற்பட்டியலில் 4,096 சொற்கள் இருப்பதால், 12, 24 சொல் கேட்கும் வழக்கமான வாலட்டுகளில் இதை உள்ளிட முடியாது. சொற்களைப் பொறித்து வைக்க விற்கும் 24 சொல் உலோகத் தகடும் போதாது. மர உயரமும் ஹாஷ் வகையும் சீடின் முதல் மூன்று பைட்டுகளிலேயே இருப்பதால் அவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை. முதலில் சிறு தொகை அனுப்புங்கள். வாலட்டை அழித்து, எழுதி வைத்த சொற்களிலிருந்து மீட்டு, 'கியூ'வில் தொடங்கும் 79 எழுத்து அட்ரஸ் அப்படியே வருகிறதா என்று பார்த்த பிறகே மீதியை அனுப்புங்கள்.

தவறு நடப்பதெல்லாம் பெரும்பாலும் சாவி இன்டெக்ஸில்தான், அதாவது அடுத்து எந்தச் சாவி என்று சொல்லும் எண்ணில். ஒரே சீடை இரண்டு கருவிகளில் வைத்து, ஒன்றில் அனுப்பியது உறுதியாகும் முன்னே மற்றதிலும் கையொப்பமிட்டால், ஒரே சாவி இருமுறை பயன்பட்டுவிடும். ஒவ்வொரு கையொப்பமும் ஹாஷ் சங்கிலியின் சில இடைமதிப்புகளை வெளியே காட்டுகிறது. ஒரே சாவியில் இரண்டு வெவ்வேறு செய்திகள் போனால், அவற்றைச் சேர்த்து மூன்றாவதைப் போலியாக உருவாக்க வாய்ப்பு திறக்கிறது. இரண்டாவதை நெட்வொர்க் நிராகரிக்கும். ஆனால் கையொப்பம் ஏற்கெனவே வெளியே போயிருக்கும். சிக்கி நிற்கும் அனுப்புதலை, தொகையை மாற்றி அதே இன்டெக்ஸில் மறுபடி அனுப்புவதும் இதே ஆபத்துதான். புதிய பரிவர்த்தனைகளை இன்னும் முழுதாகப் பெறாத நோடுடன் (நெட்வொர்க்கின் ஒரு கணினி) இணைந்தால் பழைய இன்டெக்ஸையே வாலட் காட்டும். ஆகவே ஒரு சீடுக்கு ஒரு கருவி போதும். ஒன்று உறுதியான பிறகே அடுத்தது.

சாவிகள் தீர்ந்துவிட்டால் காயினை நகர்த்தக் கையொப்பமே இருக்காது, பணம் அங்கேயே முடங்கும். கடைசி இருபது சாவிகள் இருக்கும்போதே புது அட்ரஸுக்கு மாறிவிட வேண்டும். இவ்வளவு பெரிய பொறுப்பைச் சாதாரணப் பயனர் தலையில் வைப்பதுதான் இந்த வாலட்டின் பெரிய குறை. 2024 ஆகஸ்டில் நிஸ்ட் வெளியிட்ட எம்.எல்.-டி.எஸ்.ஏ. என்ற, குவாண்டம் கணினியைத் தாங்கும் இன்னொரு கையொப்ப முறையில் இந்தச் சாவிக் கணக்கே கிடையாது.

கையொப்பத்தின் அளவும் கனம்தான். உயரம் 10-இல் 2,500 பைட். பிட்காயினில் சுமார் 70.

இது காப்பது கியூ.ஆர்.எல். காயினை மட்டுமே. எத்தீரியத்தில் டோக்கனாகச் சுற்றும் அதன் வடிவத்தை வாங்கினால், காவல் மீண்டும் எலிப்டிக் கர்வ் கையில். எக்ஸ்சேஞ்சில் விட்டுவைத்தால் சாவியே உங்களிடம் இல்லை. பிட்காயினை விற்று இதற்கு மாறுவது, குவாண்டம் ஆபத்துக்குப் பதில் சிறு காயினின் விலை ஆபத்தை வாங்குவதாகும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிட்காயின் வைத்திருப்பவர் இன்றைக்கே செய்யக்கூடியது வேறு: நீண்ட காலச் சேமிப்பை, ஒருமுறைகூடச் செலவு செய்யாத, பப்ளிக் கீக்குப் பதில் அதன் ஹாஷை மட்டும் காட்டும் அட்ரஸில் வையுங்கள். அதிலிருந்து கொஞ்சம் எடுத்தாலும் பப்ளிக் கீ வெளியே வந்துவிடும், எனவே மீதி முழுவதையும் புது அட்ரஸுக்கு மாற்றுங்கள். டாப்ரூட் என்ற பிட்காயினின் புதிய வகை அட்ரஸில் பப்ளிக் கீ முதல் நாளிலிருந்தே செயினில் தெரியும் என்பதால் இந்தச் சேமிப்புக்கு அது வேண்டாம்.