எட்டு பவுண்டு ட்ரிகர்: எஸ்டி9 விஇ பிஸ்டல் பற்றி என் மதிப்பீடு

ஸ்மித் அண்ட் வெசன் எஸ்டி9 விஇ பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் இரண்டு விஷயம் சொல்வார்கள். கொடுத்த காசுக்கு நல்ல பிஸ்டல். ட்ரிகர் மட்டும் கல்லு மாதிரி. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டாவதைச் சரிசெய்யப் போய் முதலாவதைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். இதை விரிவாக எழுத அதுதான் காரணம்.

என் வேலை ஒரு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில். "நல்லா ஓடுதுங்க" என்று யாராவது சொன்னால் எத்தனை ஓடிப் பார்த்தீர்கள் என்று கேட்பது என் பழக்கம். துப்பாக்கி விஷயத்தில் அந்தக் கேள்வியை இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுப் பாதுகாப்புக்கென்று வாங்கி வைத்த பொருள், தேவைப்படும் அந்த ஒரு நொடியில் வேலை செய்யாவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

பிஸ்டல் 2012இல் வந்த மாடல். இதன் மூதாதை 1994இல் வந்த சிக்மா. தங்கள் வடிவமைப்பைக் காப்பி அடித்ததாக க்ளாக் நிறுவனம் வழக்குப் போட்டு, 1997இல் சமரசத்தில் முடிந்தது அந்த சிக்மா மீதுதான். எஸ்டி9 விஇயில் பேரல் 4 அங்குலம், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கீழ்ப்பகுதி பாலிமர், மேகசினில் 16 தோட்டா. கையால் போடும் சேஃப்டி லிவர் கிடையாது. என் கணவர் புதிதாக வாங்கியபோது 300 டாலர் சொச்சம் ஆனது. இப்போது அவரைவிட நான்தான் இதை அதிகம் சுடுகிறேன்.

ட்ரிகர் கனம் ஏறக்குறைய 8 பவுண்டு. காலி பிஸ்டலின் எடையோ 22.7 அவுன்ஸ்தான், ஒன்றரைப் பவுண்டுகூட இல்லை. அதாவது, கையில் இருக்கும் பொருளின் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசையை ஒரே விரலால் கொடுக்க வேண்டும், அதுவும் அந்தப் பொருள் இம்மியும் அசையாமல். கை சிறியதாக இருந்தால் விரல் நுனிதான் ட்ரிகரில் படும், இழுக்கும்போது மற்ற விரல்களும் கூடவே இறுகும், பிஸ்டல் மூக்கு கீழே இறங்கும். வலது கைக்காரர்களுக்குக் குண்டுகள் இலக்கின் இடது கீழ் மூலையில் போய்க் குவியும். குறிபார்க்கும் சைட் கோணல் என்று நினைத்து அதைத் தட்டி நகர்த்துகிறவர்கள் உண்டு. சைட் மீது தப்பே இருக்காது.

இந்தக் கனம் கவனக்குறைவால் வந்தது இல்லை. ஸ்லைடை இழுத்து விடும்போது உள்ளே ஸ்ட்ரைக்கரின் (தோட்டாவின் பின்புறத்தை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) ஸ்ப்ரிங் ஓரளவுதான் சுருங்குகிறது, மிச்சத்தைச் சுருக்குவது நம் விரல். சேஃப்டி லிவர் இல்லாத பிஸ்டலுக்கு நீளமான, கனமான இழுப்பே ஒரு பாதுகாப்பு என்பது பழைய கணக்கு. மாசசூசெட்ஸ் மாநில விதியில், ஐந்து வயதுக் குழந்தையால் இயக்க முடியாதபடி செய்யும் வழிகளில் ஒன்றாக 10 பவுண்டு ட்ரிகரைச் சொல்லியிருக்கிறார்கள். நியூயார்க் நகரக் காவல்துறை வெகுகாலம் 12 பவுண்டு ட்ரிகர் வைத்திருந்தது. 2012இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வெளியே நடந்த சம்பவத்தில் போலீஸ் சுட்ட குண்டுகளாலும் தெறித்த சிதறல்களாலும் வழியில் இருந்த ஒன்பது பேர் காயப்பட்டார்கள். ட்ரிகர்தான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் கனமான ட்ரிகர் உண்மையிலேயே பாதுகாப்பா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. என் கருத்து இதுதான்: தவறிச் சுடுவதை அது ஓரளவு தடுக்கும், தவறான இடத்தில் சுடுவதைக் கூட்டும்.

சரி, என்ன செய்யலாம்? காசு செலவில்லாத வழி முதலில். தோட்டா இல்லாமல் வெறுமனே இழுத்துப் பழகுவது. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா போட்டு, குண்டு தாங்கக்கூடிய சுவர்ப் பக்கமாகக் குறிவைத்துப் பழக வேண்டும். முன் சைட்டின் மேல் ஒரு காலிக் குண்டுக்கூட்டை நிற்க வைத்து, அது விழாமல் ட்ரிகரை இழுக்க வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இப்படி இழுக்க இழுக்க உள்ளே உரசும் பரப்புகளும் கொஞ்சம் வழுவழுப்பாகும். கனம் பெரிதாகக் குறையாது, ஆனால் அந்தச் சொரசொரப்பு போகும். ட்ரிகர் மோசம் என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது ஸ்ப்ரிங் மாற்றம். ஏபெக்ஸ் டாக்டிகல் போன்றவர்கள் இந்த வரிசைக்கென்றே ஸ்ப்ரிங் கிட் விற்கிறார்கள். எந்த கிட் ஆனாலும், ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கையும் மற்ற ஸ்ப்ரிங்குகளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சியர் என்பது ஸ்ட்ரைக்கரைப் பிடித்து வைத்திருந்து, ட்ரிகரை இழுத்ததும் விடும் பாகம். அதன் ஸ்ப்ரிங்கை மென்மையாக்கினால் விரலுக்குச் சுகம். ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கை மென்மையாக்கினாலும் விரலுக்குச் சுகம்தான், ஆனால் தோட்டாவின் பின்புறத்தில் அடிபட்டு வெடிக்கும் சிறு மூடியான பிரைமர் மேல் விழும் அடியும் மென்மையாகிவிடும். அடி போதாவிட்டால் 'டக்' என்று சத்தம் மட்டும் வரும், வெடிக்காது. நான் சியர் ஸ்ப்ரிங்கை மட்டும் மாற்றி, ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கைக் கம்பெனியில் வந்தபடியே விட்டுவிட்டேன். அளவியில் இப்போது 6 பவுண்டை ஒட்டி நிற்கிறது. இன்னும் ஒரு அரை பவுண்டு குறைப்பதற்காக ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கைத் தொட எனக்கு மனமில்லை.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பென்சில் சோதனை செய்து பாருங்கள். காலி பிஸ்டலை நேர் மேலே பிடித்து, பேரலுக்குள் ஒரு பென்சிலை ரப்பர் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு ட்ரிகரை இழுத்தால், ஸ்ட்ரைக்கர் தட்டிப் பென்சில் எகிறும். முன்பு எகிறிய உயரம் பின்பும் வருகிறதா என்று ஒப்பிட்டால் போதும். துல்லியமான அளவு கிடைக்காது, ஆனால் ஏதோ சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். ட்ரிகரின் இழுப்பைச் சியருக்குக் கொண்டுபோகும் ட்ரிகர் பார் உரசும் தட்டையான இடங்களை மெட்டல் பாலிஷும் பஞ்சுத் துணியும் வைத்துத் துடைக்கலாம். உப்புத்தாள், அரம் எல்லாம் பக்கத்திலேயே வரக்கூடாது. சியரின் பிடிமுனையைத் தேய்ப்பது கைதேர்ந்த கன்ஸ்மித் செய்ய வேண்டிய வேலை.

இனி நம்பகத்தன்மை. மாற்றாத நிலையில் இந்த பிஸ்டல் எனக்கு ஒரு தடவையும் சிக்கல் கொடுக்கவில்லை. ஆனால் "சிக்கலே இல்லை" என்பதற்கு எண்ணிக்கை இல்லாமல் மதிப்பில்லை. புள்ளியியலில் மூன்றின் விதி என்று ஒன்று உண்டு. ஒரு பழுதும் இல்லாமல் 300 தோட்டா சுட்டால், உண்மையான பழுது விகிதம் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். மூன்றை 300ஆல் வகுத்தால் வருவது அது, அவ்வளவுதான் கணக்கு. ஒரே ஒரு 50 தோட்டாப் பெட்டி சுட்டுவிட்டு "நம்பகமானது" என்கிறவர், கணக்குப்படி நூற்றுக்கு ஆறு வரை பழுது இருக்கலாம் என்றுதான் சொல்கிறார்.

இதில் பலருக்கும் உறைக்காத விஷயம் ஒன்று உண்டு. ஸ்ப்ரிங்கை மாற்றிய நிமிடமே அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அது இப்போது வேறொரு இயந்திரம். முன்பு ஆயிரம் தோட்டா சுட்டிருந்தாலும் பிரைமர் வெடிக்குமா என்ற கேள்விக்கு அந்த ஆயிரம் பதில் சொல்லாது. மறுபடி முதலிலிருந்து சுட வேண்டும், அதுவும் பல வகைத் தோட்டாவில். ஃபெடரல் கம்பெனியின் பிரைமர் மென்மையானது, லேசான அடிக்கே வெடிக்கும். சிசிஐ கம்பெனியுடையது சற்றுக் கடினம். மென்மையான பிரைமரில் மட்டும் சோதித்தவர் தன் ஸ்ட்ரைக்கரைச் சோதிக்கவே இல்லை. சுட்ட கூடுகளைப் பொறுக்கி, பிரைமரில் விழுந்த குழியைப் பழைய கூடுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். குழி ஆழம் குறைந்தாலோ ஒன்றுக்கொன்று மாறினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம், மேகசின்களில் மார்க்கரால் எண் எழுதிவிடுங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு மேகசினால்தான். வேறு நிறுவனத்தின் விலை குறைந்த மேகசின் ஒன்று எங்களிடம் இருந்தது. தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒவ்வொரு தடவையும் பிஸ்டலில் இருந்தது அதன் எண்தான். எண் எழுதாமல் இருந்திருந்தால் பழி பிஸ்டல் மேல் விழுந்திருக்கும். பயிற்சிக்குப் பயன்படும் 115 கிரெயின் (குண்டின் எடை அளவு) உருண்டை மூக்குத் தோட்டா எதிலும் வழுக்கிக்கொண்டு ஏறும். பாதுகாப்புக்கு வைக்கும் ஹாலோ பாயிண்டின் வாய் திறந்திருக்கும், அது தடுக்க வாய்ப்பு அதிகம். விலை கூடுதல் என்று அதைச் சோதிக்காமல் விடுவது தப்பு. ஒற்றைக் கையில், இடது கையில், பிடியைத் தளர்த்தி, துடைக்காமல் அழுக்கோடு என எல்லா விதத்திலும் சுட்டுப் பார்க்க வேண்டும். இந்த பிஸ்டல் இதையெல்லாம் தாண்டிவிட்டது. என் அறையில் இருக்கும் பெட்டகத்தில் இது இருப்பதற்கு அதுதான் காரணம்.

கீழே விழுந்தால் வெடிக்குமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் தரநிலையில் 4 அடி உயரத்திலிருந்து பல கோணங்களில் போட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. அது கம்பெனி பாகங்களோடு செய்யப்படுவது, நாம் பாகத்தை மாற்றினால் அந்த உறுதி நம்மோடு வராது. 2017இல் சிக் சாயர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுடக்கூடும் என்று தெரியவந்து, எடை குறைந்த ட்ரிகரோடு பாகங்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். விழுந்து மோதும்போது கனமான ட்ரிகர் தானே பின்னால் நகரக்கூடும் என்பதால், ட்ரிகரின் சொந்த எடைகூட இதில் கணக்கு. ஆகவே ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் உள் சேஃப்டியை யாரும் தொடாதீர்கள். சுத்தம் செய்யக் கழற்றும்போது ட்ரிகரை இழுத்துத்தான் ஸ்லைடு வரும், அதனால் சேம்பரை இரண்டு தடவை பார்ப்பதும் கட்டாயம்.

யார் வாங்கலாம்? 2023இல் எஸ்டி9 2.0 வந்துவிட்டது, அதன் ட்ரிகர் மேம்பட்டது. புதிதாக வாங்குபவர் அதையே எடுத்துக்கொள்ளட்டும், ஸ்ப்ரிங் வேலையே வேண்டியதில்லை. பழைய விஇ கைமாற்றாகக் கிடைத்தால், முந்தையவர் உள்ளே என்ன மாற்றினார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் கம்பெனி ஸ்ப்ரிங்குகளைத் திரும்பப் போட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் ட்ரிகர் கனத்தை நம்பாமல், பூட்டிய பெட்டகத்தை வாங்கிவிட்டு அப்புறம் பிஸ்டலை வாங்குங்கள்.

இங்கே அமெரிக்கா வந்து புதிதாக வேலையில் சேர்ந்த தம்பி, தங்கைகள் "அக்கா, நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதற்கும் அது பொருந்தும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது ஒரு விதிவிலக்கு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனி. துப்பாக்கி வாங்கும்போது கடையில் கொடுக்கும் 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பும்போது ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்து உண்மையைத்தான் எழுத வேண்டும், அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.