விரிக்கப்படாத தாள்: இணைய ஆவணங்களோடு ஏழு ஆண்டுகள்

சென்ற வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். தம் ஊர் வரலாற்றை எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, பழைய ஆவணங்களெல்லாம் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றனவாமே, எந்தத் தளத்தில் தொடங்கலாம் என்று கேட்டார். நாமக்கல் வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் என்ன நேர்ந்தது என்பதை ஏழு ஆண்டுகளாக நான் தேடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். தொலைபேசியில் அவருக்குச் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். தளங்களில் எப்படிப் பதிவு செய்வது, எப்படிப் பதிவிறக்குவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது மிகப் பெரிது. எங்கள் நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. லெ பானு 1883இல் தொகுத்த அந்தச் சேலம் மாவட்டக் கையேடும், பஞ்ச நிவாரணப் பணிகளைப் பற்றி வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூலும் இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் எவர் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும் நிலையில் உள்ளன. இந்தியாவின் ஊர்களையும் மாவட்டங்களையும் அகரவரிசையில் விவரிக்கும் இம்பீரியல் கெசட்டியரின் 26 தொகுதிகளையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறது. சேலம் மாவட்டம் 21ஆம் தொகுதியில் வருகிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் கோப்பின் பொருள் வரியைப் படித்தாலே உள்ளே என்ன இருக்கும் என்பது ஓரளவு புரிந்துவிடும். சிறு நகரத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் இவற்றையெல்லாம் தம் வீட்டு மேசையில் வைத்துப் படிப்பது என் தந்தையின் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது.

இரண்டு ஆவணங்களை ஒரே திரையில் அருகருகே வைத்துப் படிக்க முடிவதுதான் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி. 1871ஆம் ஆண்டு சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவர். ஒரு நாள் இரவு அந்த அறிக்கையை ஒரு பக்கமும் டிக்பியின் நூலை மறுபக்கமும் திறந்து வைத்திருந்தபோது, அதே பெயர் டிக்பியிலும் வந்தது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்கு மேல் ஓர் அணாவும் போதும் என்று 1877இன் தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். அதைக் கொண்டு மண் வெட்டிச் சுமக்கும் உடல் பிழைக்காது, ஒன்றரைப் பவுண்டு தானியமும் கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடியவர் அப்போது மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த இந்தக் கார்னிஷ்தான். மாகாணத்து மக்களைக் கணக்கெடுத்து எழுதியவரே ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களின் ஒருவேளைச் சோற்றுக்காக எழுத்தில் போராடியிருக்கிறார் என்று அன்று கண்டபோது எழுந்து வெளித் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு 1881ஆம் ஆண்டுக் கணக்கைத் திறந்தேன். 1871இல் 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேல் இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 16 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அனைவரும் மாண்டவர்கள் அல்லர். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. எப்படியாயினும் அவர்கள் அதற்குப் பிறகு இந்த மண்ணில் இல்லை.

தேடுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். நண்பருக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்: ஆண்டைத் தீர்மானிக்காமல் மாவட்டத்தைத் தேடக் கூடாது. அவருடைய கிருஷ்ணகிரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது; அதன் பின் தருமபுரியோடு போனது; 2004இல்தான் தனி மாவட்டமாயிற்று. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியின் கைக்கு வந்த காலத்துக் காகிதங்களை அவர் பாரமகால் என்ற பெயரில்தான் தேட வேண்டும். எங்கள் நாமக்கல்லோ 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1929இல் மீண்டும் சேலத்துக்கு வந்தது. இடைப்பட்ட 19 ஆண்டுகளின் காகிதங்களைச் சேலம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் தேடி வீணாக்கிய மாதங்கள் கொஞ்சமல்ல. ஊர்ப்பெயரை வெள்ளைக்கார எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், ஒரு பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேடவும் பழக வேண்டும்.

தமிழில் தேடுவது இதைவிடக் கடினம். தமிழ் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் செய்திருக்கும் இப்பணிக்கு நன்றி சொல்லாமல் நான் ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை. ஆயினும் நம் மொழியின் புணர்ச்சி எந்தத் தேடுபொறிக்கும் எளிதாக வசப்படுவதில்லை. ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று பிரித்துத் தேடினால் கிடைக்காதது, ‘தாதுவருஷப்பஞ்சம்’ என்று சேர்த்துத் தேடினால் கிடைக்கலாம். ‘வருடம்’ என்று எழுதியவர் தனியாக நிற்பார். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் துதிக்கை வைத்த ‘லை’யையும் ‘னை’யையும் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் தவறாகப் படித்துவிடுகிறது. ஆண்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். கையெழுத்து ஆவணத்தில் ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1876ஆகவும் இருக்கலாம், 60 ஆண்டுகள் முன்னே 1816ஆகவும் இருக்கலாம், பின்னே 1936ஆகவும் இருக்கலாம். இவையெல்லாம் பொறுமையால் கடக்கக் கூடியவை என்பதால் எனக்கு இவற்றின் மேல் கோபம் இல்லை.

என் கோபமெல்லாம் மடித்த தாளின் மேல்தான். பழைய அரசு அறிக்கைகளின் இறுதியில் நிலப்படங்களும் நீண்ட அட்டவணைகளும் பெரிய தாளில் அச்சிடப்பட்டு, நூலின் அளவுக்கு மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். உள்ளூர் வரலாறு எழுதுகிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உரைப்பகுதி மாகாணத்தைப் பற்றியும் மாவட்டத்தைப் பற்றியும் பேசும். ஊரின் பெயர் வருவது பின்னிணைப்பு அட்டவணையில்தான். நூலைப் படமெடுத்து மின்னுருவாக்கம் செய்தவர்கள் அந்தத் தாளை விரிக்காமல், மடித்தபடியே படமெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓர் அறிக்கையில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். ஏழு ஆண்டுகளில் நான் திறந்த அறிக்கைகளில் மடித்த தாள் இருந்த பெரும்பாலானவற்றில் இதுவே நிலை.

பஞ்ச நிவாரண வேலைகளைப் பற்றிய ஓர் அறிக்கையில் இரண்டு மடித்த தாள்கள் உண்டு. ஒன்று அட்டவணை, மற்றொன்று நிலப்படம். நான் முதலில் திறந்த பிரதியில் இரண்டும் சாம்பல் நிறப் பின்புறமாகவே தெரிந்தன. ஒரு மூலையில் யாரோ ஒருவருடைய கட்டைவிரலின் நிழல் விழுந்திருந்தது. தாள் மெல்லியது என்பதால் உள்ளே இருந்த மை சற்றே பின்புறம் கசிந்திருந்தது. படத்தை இடவலமாகத் திருப்பி, கருமையைக் கூட்டி, பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நாமக்கல் என்ற பெயரின் பின்பாதி புலப்பட்டது. அதற்கு நேரே இருந்த வரிசைகளெல்லாம் அடுத்த மடிப்புக்குள் போய்விட்டன. வேறொரு தளத்தில் வேறொரு நூலகத்துப் பிரதி இருந்தது. அங்கே அட்டவணையை விரித்திருந்தார்கள். ஆனால் இரண்டு பாதியாக எடுத்ததில், வேலையின் பெயர் இருக்க வேண்டிய நடுப்பத்தி இரண்டு படங்களுக்கும் இடையில் தவறிப்போயிருந்தது.

மின்னுருவாக்கம் செய்பவர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள். நூற்று நாற்பது ஆண்டுகள் மடிந்தே கிடந்த தாளை விரித்தால் மடிப்போரத்தில் கிழியும் அபாயம் உண்டு. கருவியின் தட்டில் அது அடங்காது. தனி ஒளிப்படக் கருவியும் தனி நேரமும் வேண்டும். கிழித்துவிடுவதைவிட மூடிய நிலையில் விட்டுவிடுவதே நல்லது என்று நினைத்திருந்தால் அது நியாயமே. ஆனால் விவரப்பட்டியலில் ‘மடித்த தாள்கள் விரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன தடை? அந்த அறிக்கையின் பதிவில் ‘முழுமையானது’ என்றல்லவா குறித்திருக்கிறார்கள்? அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் வேறு பிரதியைத் தேடாமல் எட்டு மாதங்கள் இருந்தேன். தளத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் இரண்டு முறையும் வந்தது. பதிவு இன்று வரை மாறவில்லை. தேசத்தின் வரலாற்றை எழுதுகிறவருக்கு அந்த அட்டவணை இல்லாமலும் வேலை நடக்கும். ஓர் ஊரின் வரலாற்றை எழுதுகிறவருக்கு அந்த ஒரு தாள்தான் நூலே.

அந்த அட்டவணை கடைசியில் எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நண்பருக்கு அது பயன்படும். மூன்றாவது பிரதி ஒன்று கடல் கடந்த ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பது பட்டியலில் தெரிந்தது. அது மின்னுருவாக்கம் செய்யப்படாதது. அந்த நூலகத்தின் உதவி மேசைக்கு மின்னஞ்சல் எழுதி, எந்தத் தாள் வேண்டும், எதற்காக வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். பதினொரு நாள் கழித்து ஓர் ஒளிப்படம் வந்தது. தாளை முழுதாக விரித்து, நான்கு ஓரங்களிலும் துணி சுற்றிய எடைகளை வைத்து, மேலிருந்து எடுத்த படம். பணம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரின் பெயர் இரண்டு எழுத்து பிழையாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது. அதற்கு நேரே, ஏரிக்கரையை உயர்த்தும் வேலை என்ற குறிப்பும் இருந்தது. அந்தக் கரையின் மேல்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தக் கரையில் கொட்டப்பட்ட மண் ஒரு பவுண்டுக் கூலிக்குச் சுமக்கப்பட்டது என்பது அதுவரை எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நிலப்படத்தையும் கேட்டு எழுதினேன். அந்தப் பிரதியில் அது எப்போதோ கிழிந்து காணாமற் போயிருந்ததாகப் பதில் வந்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தனியார் வீடுகளில் இருந்த நில ஆவணங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் படமெடுத்த தொகுப்பையும் நண்பர் பார்க்க வேண்டும். அரசு எழுதிய காகிதத்தை மட்டுமே படித்துப் பழகிய கண்ணுக்கு, ஊரார் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கிரயச் சீட்டும் உடன்படிக்கையும் வேறோர் உலகத்தைக் காட்டும். அவற்றுள் ஓலையில் எழுதியவற்றைப் படமெடுத்த விதத்தில் இரண்டு ஓரங்களும் முழுதாகத் தெரிகின்றன.

இவ்வளவு சொல்லியும், எங்கே தொடங்கலாம் என்ற கேள்விக்கு இன்று என்னால் தர முடிந்த பதில், இணையத்தில் தொடங்க வேண்டாம் என்பதுதான். மேலே நான் பாராட்டிய ஒவ்வொன்றும் பாராட்டுக்கு உரியது. அவற்றை நாளையும் திறப்பேன். ஆனால் இந்த வாரமும் ஒரு புதிய அறிக்கையைத் திறந்து, இறுதிப் பக்கத்துக்குப் போய், அதே சாம்பல் நிறப் பின்புறத்தைப் பார்த்தேன். ஆகவே நண்பரிடம் முதலில் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முறைப்படி விண்ணப்பிக்கச் சொன்னேன். சென்னை ஆவண அலுவலகம் என்ற பழைய பெயரில் இருந்த காலத்திலிருந்து மாகாணத்தின் காகிதங்கள் சேர்ந்திருக்கும் இடம் அது. இருவரும் அடுத்த மாதம் சேர்ந்து போவதாகப் பேசியிருக்கிறோம். அவர் பாரமகால் காகிதங்களைக் கேட்பார். நான் அந்த அறிக்கையின் நிலப்படத்தைக் கேட்பேன்.