குழி வேறு, கறை வேறு: பருத் தழும்புக்கு ஊசியா, லேசரா, அமிலமா?

பின்னேரம் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்குபவர்கள் ஒருநாள் கடற்பக்க ஜன்னலோரம் இருந்து, போன் கமராவில் வலக் கன்னத்தைப் பாருங்கள். சரிந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது, குளியலறைக் கண்ணாடி மறைத்துவைத்த குழியெல்லாம் நிழல் கட்டி நிற்கும். எனக்கு அப்படித்தான் விளங்கியது. இரண்டு வருடமாகத் தழும்பு தழும்பு என்று காசைக் கொட்டினேனே, அதில் பாதி தழும்பே இல்லை.

பரு ஆறிய இடத்தில் மிஞ்சும் கபில நிறப் புள்ளி வெறும் கறை. வெயில் படாமல் காத்தால் மாதக்கணக்கில் தானாக மங்கும். அடபலீன், அசெலெய்க் அசிட் பூச்சுகள் அதை விரைவாக்கும். விரலால் தடவினால் பள்ளமாகவோ மேடாகவோ தட்டுப்படுவதுதான் தழும்பு. கறைக்கு லேசர் அடிக்கப் போவது எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதை.

பள்ளத்திலும் மூன்று சாதி உண்டு. குண்டூசியால் குத்தியதுபோல் ஒடுங்கி ஆழமாக இறங்கும் ஐஸ்பிக். அம்மைத் தழும்புபோல் செங்குத்தான விளிம்புள்ள பொக்ஸ்கார். கன்னத்தில் அலை அலையாகத் தாழ்ந்து கிடக்கும் ரோலிங். தோலை இரு விரலால் இழுத்துப் பாருங்கள். ரோலிங் பெரும்பாலும் மட்டமாகிவிடும், ஐஸ்பிக் அசையாது. அநேகருக்கு மூன்றும் கலந்தே இருக்கும். எந்தச் சிகிச்சை நல்லது என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வரவேண்டும். காலி வீதிப் பதாகைகளிலோ லேசர்தான் முதலில் வருகிறது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சித்தி மகளுக்கு மூன்று மாதத்தில் கலியாணம். "அக்கா, ஒரு லேசரோட எல்லாம் மறைஞ்சிடுமாம், உண்மையே?" என்று கேட்டாள். மறையாது. எந்த முறையிலும் முழுதாக மறையாது, குறையும். அவளுக்காகத் தேடியதும் நான் பட்டுத் தெளிந்ததும்தான் கீழே இருப்பவை.

முதலில் லேசர். கிளினிக்குகளில் சீ.ஓ.டூ என்பது, இரசாயனப் பாடத்தில் படித்த அதே காபனீரொட்சைட்டுதான். 10,600 நனோமீற்றர் அலைநீளம். தோலில் உள்ள நீர் அதை உறிஞ்சி ஆவியாகிறது. முன்பு முகம் முழுவதையும் உரித்தெடுத்தார்கள். 2004இல் வந்த ஃபிரக்‌ஷனல் முறையில் நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைப்பதால் ஆறுவது சுலபம். பொக்ஸ்கார் குழிக்கு இதன் பலன் பெரிது, தடவைகளும் குறைவு. மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாறு நாள் பொருக்குக் கட்டிய முகத்தோடு வீட்டில் இருக்கவேண்டும், சிவப்பு கிழமைக்கணக்கில் நிற்கும்.

எங்களுக்குப் பெரிய பயம் வேறு. 1975இல் ஃபிட்ஸ்பற்றிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் தொடக்கிவைத்த, வெயிலுக்குத் தோல் எரிகிறதா கறுக்கிறதா என்று பார்க்கும் வகைப்பாட்டில் எங்களில் அநேகர் நான்காம், ஐந்தாம் வகை. இந்த லேசர் நிறமியைத் தேடிச் சுடுவதில்லை, நீரைத்தான் சுடுகிறது. என்றாலும் அந்தச் சூட்டுக்கு எங்கள் தோல் கறுத்துப் பதில் சொல்லும். குழி பாதி நிரம்பிய இடத்தில் புதுக் கறை மாதக்கணக்கில் குந்தியிருக்கும். வெள்ளைத் தோலில் எடுத்த முன்–பின் படத்தைக் காட்டி உங்களை இணங்கவைத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

மைக்ரோநீட்லிங் என்ற ஊசி முறையில் சூடே இல்லை. மரக்கச் செய்யும் கிறீம் பூசி முக்கால் மணித்தியாலம் இருக்கவைத்து, 1.5 முதல் 2.5 மில்லிமீற்றர் ஆழத்துக்கு நுண்ணூசிகளால் குத்துவார்கள். அந்தச் சிறு காயங்களை ஆற்றும் வேலையில் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை உடம்பு புதிதாகக் கட்டுகிறது. இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்ததுபோல் முகம் சிவக்கும், அவ்வளவுதான். கறுக்கும் ஆபத்து லேசரைவிடக் குறைவு. குறை என்றால் பொறுமை வேண்டும்: நான்கு முதல் ஆறு கிழமை இடைவெளியில் மூன்று முதல் ஆறு தடவை, பலன் முழுதாகத் தெரியக் கடைசித் தடவைக்குப் பிறகும் மாதங்கள் ஆகும். ரோலிங்குக்கும் ஆழமில்லாத பொக்ஸ்காருக்கும் எங்கள் நிறத்தில் நான் முதலில் வைப்பது இதைத்தான். ஐஸ்பிக்குக்கு இது அவ்வளவாக உதவாது. ஒன்லைனில் ரோலர் வாங்கி வீட்டில் உருட்டுகிறவர்களுக்கு: பருவின் மேல் உருட்டினால் கிருமியைக் கன்னம் முழுக்க நீங்களே நடுகிறீர்கள்.

ரேடியோ அதிர்வெண் ஊசி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊசி உள்ளே போன பிறகே நுனியில் சூடு விடுவதால் மேல்தோல் பெரிதாகச் சுடுபடாது. நல்லதுதான்; ஆனால் ஆழம் பிழைத்தால் கன்னத்துக் கொழுப்புக் கரைந்து குழி கூடலாம். கையாள்பவர் யார் என்று கேளாமல் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

ஐஸ்பிக்குக்கு எனக்குப் பிடித்தது, பார்க்க மிக எளிய வேலை. பெயர் டீ.சீ.ஏ குரொஸ், 2002இல் தென்கொரிய மருத்துவர்கள் எழுதி வெளிப்படுத்தியது. டீ.சீ.ஏ என்பது ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலம். 65 முதல் 100 வீதச் செறிவில் அதைக் கூராக்கிய மரக்குச்சி நுனியில் தொட்டுக் குழிக்குள் மட்டும் வைப்பார்கள். சில விநாடியில் வெள்ளை பூக்கும், பிறகு பொருக்குக் கட்டி ஒரு கிழமையளவில் விழும், குழி அடியிலிருந்து மெல்ல நிரம்பும். கை தவறி விளிம்பில் பட்டால் குழி அகலும், கறையும் வரும். அதே செறிவை முகமெல்லாம் பூசினால் முகம் வெந்துபோகும்.

அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் கிளைகொலிக், சலிசிலிக் பீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறைக்கும் வந்துகொண்டிருக்கும் பருவுக்கும் உதவும், குழியை நிரப்பாது. நான் ஒரு சலூனில் "தழும்புக்கு" என்று ஐந்து தடவை பீல் பக்கேஜ் எடுத்தேன். மூன்றாம் தடவையில் தாடைப் பக்கம் எரிந்து, இருந்த குழிகளோடு ஒரு கறுப்புப் பட்டையும் சேர்ந்தது. பெயர் சொல்லிப் பிரயோசனமில்லை, அப்படிப் பல இருக்கின்றன. அம்மம்மாவின் தேசிக்காய்ச் சாறு வைத்தியமும் இதே இனம்தான், காசு மட்டும் மிச்சம்.

அலையலையான குழி உள்ளே நாரால் இழுபட்டுக் கிடந்தால், மரக்க ஊசி போட்டு, தோலுக்கு அடியில் இன்னொரு ஊசியை விட்டு அந்த நாரை அறுத்துவிடும் சப்சிஷன் என்ற முறை உண்டு. கத்தி இல்லை, ஒன்றிரண்டு கிழமை நீலம் பாய்ந்திருக்கும். குழிக்கு அடியில் ஊசியால் ஏற்றும் ஃபில்லர் உடனே மேடாக்கும், ஆனால் அதில் வழக்கமாக இருக்கும் ஹயலுரொனிக் அசிட் கரைந்துபோகும், திரும்பத் திரும்பப் போடவேண்டும். தாடையிலோ நெஞ்சிலோ தழும்பு தடித்து மேலெழுந்திருந்தால் இதில் எதிலும் தொடங்காதீர்கள். அதற்கு முதலில் ஸ்டீரொயிட் ஊசி.

எதற்கும் முன்னால் பரு நிற்கவேண்டும். இல்லாவிட்டால் ஓட்டை வாளிக்குத் தண்ணீர் வார்ப்பதுதான். புறக்கோட்டையிலே லேபல் இல்லாமல் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம் பூசுகிறீர்களா? உள்ளே ஸ்டீரொயிட் இருந்தால் பருவைக் கிளப்புவதே அதுவாக இருக்கலாம். தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காசில்லாமல் காட்டலாம், காத்திருக்க நேரம் வேண்டும். தனியாரிடம் போனால் கைவைப்பவரின் பெயரை இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், இணையத்தில் இருக்கிறது. கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினொயின் குளிசை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லவேண்டும். 2017இல் அமெரிக்க நிபுணர்கள் ஊசிக்கும் மேலோட்டமான பீலுக்கும் அந்தக் குளிசையை நிறுத்தி ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை என்று தளர்த்தினார்கள். முகம் முழுதும் உரிக்கும் லேசருக்கு அல்ல.

சன் கிறீம் போடாமல் இதில் எதுவும் செய்யாதீர்கள். நிறம் சேர்த்த, இரும்பு ஒக்சைட்டு உள்ளதாகப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் எங்கள் தோல் கறுக்கும், நிறமில்லாத கிறீம் அதைப் பெரிதாக மறிக்காது.

சித்தி மகளுக்கு நெற்றியோரத்தில் ஏழெட்டு ஐஸ்பிக், கன்னத்தில் ரோலிங், மிச்சமெல்லாம் கறை. கலியாணத்துக்கு முன் ஊசியும் வேண்டாம் லேசரும் வேண்டாம், பூச்சும் சன் கிறீமும் போதும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குரொஸ் நெற்றிக்கு, ஊசி கன்னத்துக்கு, இரண்டும் தேனிலவு முடிந்து வந்த பிறகு. லேசருக்கு முற்பணம் கட்டியிருந்தாள். அதை எப்படித் திருப்பி எடுப்பது என்றுதான் இப்போது கதைத்துக்கொண்டிருக்கிறோம்.